900 கிலோ எஃகு, 29 மைக்ரான் சலுகை: பெரிய ஷாஃப்ட் கடைவது ஏன் இவ்வளவு பதற்றமான வேலை?

சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நின்றாலே போதும், வேலூர் வட்டாரத்தின் தொழில் எல்லாம் கண் முன்னால் ஓடும். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போகிற லாரிகள். ஒன்றில் உப்பு போட்ட தோல். மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். இன்னொன்றில் ஏற்றுமதிக்குப் போகும் ஷூ பெட்டிகள். எப்போதாவது ஒரு லாரியில், சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டிய துருப்பிடித்த உருளை ஒன்று தனியாகப் படுத்திருக்கும். பார்ப்பதற்கு வெட்டிப்போட்ட மரம் மாதிரி இருக்கும். எடை மட்டும் ஒரு டன்னுக்குப் பக்கத்தில்.

அந்த உருளை ஒரு லேத்தில் ஏறி, சில நாட்களில் ஷாஃப்ட்டாக இறங்கும். கடைசல் வேலைதானே, அதுவும் கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி மெஷின்தானே, பட்டனை அழுத்தினால் முடிந்தது என்று நினைத்தால் தப்பு. சின்ன போல்ட் தப்பானால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைக் கடையலாம். 900 கிலோ எஃகில் கடைசி வெட்டு தப்பானால் தூக்கிப் போடவும் முடியாது, எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

தோல் டிரம்முக்கும் ஷாஃப்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

தோல் பதனிடும் தொழிற்சாலைக்குள் போனவர்களுக்கு அந்தப் பெரிய மர டிரம்கள் நினைவிருக்கும். தோலும் தண்ணீரும் சுண்ணாம்பும், பிறகு அமிலமும் உப்பும் குரோமியம் சல்பேட்டும் அதற்குள்தான் சேர்ந்து புரளும். டிரம்முக்குக் குறுக்கே முழு நீளத்துக்கு ஷாஃப்ட் கிடையாது. இருந்தால் தோல் எல்லாம் அதில் சுற்றிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குட்டை அச்சு. டிரம்மின் மூடியில் ஒரு முனை போல்ட் போட்டு இறுகியிருக்கும், மறுமுனை பேரிங்கில் உட்காரும். பல டிரம்களில் ஒரு பக்க அச்சு உள்ளே குழாய் மாதிரி குடைந்தது; ரசாயனத்தை டிரம்மை நிறுத்தாமல் அதன் வழியாகத்தான் ஊற்றுவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 3 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீளம் உள்ள டிரம்மின் கொள்ளளவு சுமார் 21 கன மீட்டர். பாதி நிரப்பினாலே உள்ளே சுமார் 10 டன். டிரம்மின் சொந்த எடை தனி. இதைத் தாங்குவது அந்த இரண்டு அச்சுகள்தான். நிமிடத்துக்கு 10 சுற்று, நாளுக்கு 12 மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளில் 7,200 சுற்று. வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் 21 லட்சத்து 60 ஆயிரம் சுற்று.

இந்த எண் ஏன் முக்கியம்? சுற்றும் அச்சின் மேல் பக்கம் அமுங்கும், கீழ்ப் பக்கம் இழுபடும். அரைச் சுற்றில் மேலே இருந்தது கீழே வந்துவிடும். ஆக, மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை இழுபட்டு, ஒரு தடவை அமுங்குகிறது. கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து உடைப்போமே, அதே கதைதான், ரொம்ப மெதுவாக.

வேலூர் வட்டாரத்தில் டிரம் மட்டும் இல்லை. ராணிப்பேட்டையில் உள்ள பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையில் அனல்மின் நிலையங்களுக்கான ராட்சத விசிறிகள் செய்கிறார்கள். ஒவ்வொரு விசிறிக்கும் நடுவில் ஒரு ஷாஃப்ட். தோல் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் ஓடும் பம்பு, காற்றூட்டி, கலக்கி எல்லாவற்றுக்குள்ளும் ஒரு ஷாஃப்ட்தான் சுற்றுகிறது.

1842: ஓர் அச்சு முறிந்ததால்

ஷாஃப்ட் உடைவதை உலகம் முதன்முதலில் பயத்தோடு கவனித்தது பிரான்சில். 1842 மே 8-ஆம் தேதி வெர்சாய் நகரில் அரசருக்கான விழாவைப் பார்த்துவிட்டு பாரிஸ் திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் நிரம்பிய ரயிலில், முன்னால் இருந்த இன்ஜினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் மேலேறி மோதித் தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகளை வெளியே பூட்டிவைக்கும் வழக்கம் அப்போது இருந்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடல் பயணங்களுக்குப் பெயர் பெற்ற டுமாண்ட் டர்வில் குடும்பத்தோடு அதில் போனார்.

அச்சு ஏன் முறிந்தது? ஓடி ஓடி இரும்பு 'படிகமாகி' உடையக்கூடியதாக மாறிவிடுகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். ஸ்காட்லாந்து பொறியாளர் ராங்கைன் 1843-ல் வேறு மாதிரி சொன்னார்: அச்சின் தடிமன் சட்டென்று மாறும் மூலையில்தான் விரிசல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது, மூலையை வளைவாக விடுங்கள். பிறகு ஜெர்மனியில் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைச் சுற்றவிட்டுச் சுற்றவிட்டு வருடக்கணக்கில் சோதித்தார். ஒரே தடவை கொடுத்தால் எஃகு சிரித்துக்கொண்டே தாங்கும் சுமை, லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்தால் அதை உடைத்துவிடும் என்பதை எண்களோடு காட்டினார். அதே சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் எஃகு உடையாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

தோல் தொழிலுக்கு இதில் ஒரு கெட்ட செய்தி இருக்கிறது. அந்தப் 'பாதுகாப்பான எல்லை' உலர்ந்த காற்றில் ஓடும் எஃகுக்குத்தான். உப்புத் தண்ணீரும் அமிலமும் கசிந்து படுகிற அச்சுக்கு அப்படி ஓர் எல்லையே இல்லை என்றுதான் பொறியாளர்கள் கணக்குப் போடுவார்கள். அரிப்பு ஒரு சின்னக் குழி போடும். விரிசல் அந்தக் குழியிலிருந்து கிளம்பும். டேனரி டிரம்மில் சீல் ஒழுகுவதைச் சாதாரணமாக விடக் கூடாது என்பது இதனால்தான்.

காட்பாடி வழியாகப் போகும் பெங்களூரு ரயிலில் ஏறியவர்கள் இதை இன்னொரு விதமாகப் பார்க்கலாம். 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய ரயில் பெட்டிச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 348 தடவை சுற்றும். சென்னையிலிருந்து பெங்களூரு போய்ச் சேரும்போது ஒவ்வொரு அச்சும் சுமார் ஒன்றேகால் லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்திருக்கும். அந்த அச்சுகளைச் செய்யும் இடங்களில் ஒன்று பெங்களூரு எலஹங்காவில் 1984 முதல் இயங்கும் ரயில் சக்கரத் தொழிற்சாலை. பழுக்கக் காய்ச்சிய எஃகை நீளவாக்கில் அடித்து அச்சாக்கி, கடைந்து, அதற்குள் மறைந்திருக்கும் விரிசலை மீயொலி அலையால் தேடிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

லேத்தில் ஏறும் நாள்

இப்போது வேலைக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்கு 200 மி.மீ. விட்டம், 3 மீட்டர் நீளம் உள்ள ஒரு விசிறி ஷாஃப்ட். கச்சா உருளை 220 மி.மீ. விட்டத்தில் வருகிறது என்றால் எடை சுமார் 900 கிலோ. கடைந்து முடித்தால் சுமார் 740 கிலோ. மீதி 160 கிலோ சுருள் சுருளாகச் சீவலாகிக் கீழே விழும்.

முதல் வேலை கடைவது இல்லை, உள்ளே பார்ப்பது. உருளைக்குள் விரிசலோ ஓட்டையோ இருக்கிறதா என்று மீயொலிச் சோதனை செய்யாமல் ஆரம்பித்தால், மூன்று நாள் கடைந்த பிறகு கடைசி வெட்டில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அன்றைக்கு யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

அடுத்து, இரண்டு முனையையும் சமமாக வெட்டி, நடுவில் கூம்பு வடிவத்தில் சென்டர் போடுவது. ஷாஃப்ட்டின் மொத்த நேர்மையும் இந்த இரண்டு குட்டிக் குழிகளை நம்பித்தான் இருக்கிறது. பிறகு கிரேனில் பெல்ட் கட்டித் தூக்கி, ஒரு முனையைச் சக்கில் பிடித்து, மறுமுனையை டெயில் ஸ்டாக்கின் சுழலும் சென்டரால் தாங்குவார்கள்.

இரண்டு முனையும் பிடித்தாச்சு. நடுவில்? அங்கேதான் சிக்கல். 200 மி.மீ. தடிமன் உள்ள எஃகு வளையுமா என்று கேட்கத் தோன்றும். வளையும். 3 மீட்டர் நீளத்தில் இரண்டு முனையில் மட்டும் தாங்கி, நடுவில் 100 கிலோ விசையில் டூல் தள்ளினால் ஷாஃப்ட் சுமார் 35 மைக்ரான் பின்வாங்கும். (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று, தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.) ஆரத்தில் 35 என்றால் விட்டத்தில் 70. ஷாஃப்ட் நடுவில் ஒரு முடி அளவு தடித்து, பீப்பாய் மாதிரி வரும். புரோகிராமில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், மெஷினும் சொன்னபடிதான் போயிருக்கும், ஆனால் ஷாஃப்ட் பீப்பாய்.

இதற்குத்தான் ஸ்டெடி ரெஸ்ட். ஷாஃப்ட்டை நடுவில் மூன்று உருளைகளால் அணைத்துப் பிடிக்கும் வளையம். கச்சா உருளையின் கரடுமுரடான தோல் மேல் இதை வைக்க முடியாது. அதனால் முதலில் நடுவில் ஒரு பட்டையை மட்டும் மெதுவாக, லேசான வெட்டில் கடைந்து, அதன்மேல் ஸ்டெடியை உட்காரவைப்பார்கள். ஸ்டெடியை அதிகமாக இறுக்கினால் அதுவே ஷாஃப்ட்டை ஒரு பக்கம் தள்ளும். டயல் கேஜ் வைத்து, கையால் சுற்றி, முள் ஆடாத இடம் வரும்வரை இறுக்கித் தளர்த்தி இறுக்கித் தளர்த்திப் பார்ப்பது பெரிய லேத்தில் பாதி நாள் வேலை. பட்டன் அழுத்தும் மெஷின் என்பவர்களை இந்தப் பாதி நாளில் அழைத்துக் காட்டலாம்.

ஒரு புள்ளி, ஒரு வரி

சிஎன்சி கதை 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் காட்டப்பட்ட, எண்களால் இயங்கும் மில்லிங் மெஷினில் தொடங்குகிறது. இந்தியாவில் 1953-ல் பெங்களூரில் பிறந்த எச்.எம்.டி. ஒரு தலைமுறைக்கே லேத் செய்து கொடுத்தது. இன்றைக்குக் கோவையின் எல்.எம்.டபிள்யூ. உட்பட பல நிறுவனங்கள் சிஎன்சி லேத்தை இங்கேயே செய்கின்றன. ஆக, மெஷின் புதுசு இல்லை. ஆனால் 900 கிலோ ஜாப்பை அதில் ஏற்றும்போது புரோகிராமின் இரண்டு சின்ன விஷயங்கள் உயிர் போகிற விஷயமாகிவிடும்.

ஒன்று, ஜி96 என்ற கட்டளை. வெட்டும் வேகத்தை ஒரே மாதிரி வைத்திரு என்று அது மெஷினுக்குச் சொல்லும். நிமிடத்துக்கு 120 மீட்டர் என்று கொடுத்தால் 220 மி.மீ. விட்டத்தில் ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 174 சுற்று போகும். நல்ல வேகம். ஆனால் முனையைச் சமப்படுத்த டூல் வெளியிலிருந்து நடுவை நோக்கி வரும்போது விட்டம் குறையக் குறைய, அதே 120 மீட்டரைக் காப்பாற்ற மெஷின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். விட்டம் 20 மி.மீ. ஆகும்போது கணக்குப்படி 1,900 சுற்றைத் தாண்டும். சக்கில் மாட்டிய 900 கிலோ உருளை அந்த வேகத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம். அதைத் தடுப்பது, அதிகபட்ச சுற்று இவ்வளவுதான் என்று முன்கூட்டியே பூட்டும் ஒரே ஒரு வரி. பல மெஷின்களில் ஜி50. அந்த வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கதவை மூடி ஸ்டார்ட் அழுத்தக் கூடாது.

இரண்டு, புள்ளி. பல கண்ட்ரோலர்களில் 'எக்ஸ்200' என்று புள்ளி இல்லாமல் எழுதினால் மெஷின் அதை 200 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளாது. 200 மைக்ரான், அதாவது 0.2 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். விட்டம் 0.2 மி.மீ. வரை போ என்றால் டூல் நேராக ஷாஃப்ட்டின் வயிற்றில் பாயும். அதனால்தான் புது புரோகிராமை முதலில் ஜாப் இல்லாமல், அல்லது டூலைத் தள்ளிவைத்து, காற்றில் வெட்டிப் பார்ப்பார்கள். கை ஃபீட் குமிழ் மேலேயே இருக்கும்.

முரட்டு வெட்டு ஒப்பீட்டளவில் சுலபம். சுற்றுக்கு 0.4 மி.மீ. நகர்வு, 4 மி.மீ. ஆழம். மூன்று மீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம். சீவல் நீல நிறத்தில் உடைந்து விழுந்தால் நல்லது, சூடு அதோடு போகிறது என்று அர்த்தம். உடையாமல் நீள நாடாவாக வந்தால் நிறுத்த வேண்டும். அந்த நாடா பிளேடு. ஷாஃப்ட்டில் சுற்றிக்கொண்டு சாட்டை மாதிரி அடிக்கும்.

கடைசி வெட்டுதான் வேறு உலகம். சுற்றுக்கு 0.15 மி.மீ. நகர்வில் 200 மி.மீ. ஷாஃப்ட்டை முனைக்கு முனை கடைந்தால் டூல் நுனி எஃகின் மேல் உரசிப் போகும் தூரம் சுமார் பன்னிரண்டரை கிலோமீட்டர். நிமிடத்துக்கு 180 மீட்டர் வேகத்தில் 70 நிமிடம். அதற்குள் கார்பைடு நுனி தேய ஆரம்பித்துவிடும். நுனி தேய்ந்த அளவுக்கு ஷாஃப்ட் தடிக்கும். நடுவில் நுனி மாற்றினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். அதனால் விவரமானவர்கள், விட்டம் மாறும் படிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே நுனி மாற்றும்படி புரோகிராமைப் பிரிப்பார்கள். அந்தக் கோடு படிக்குள் மறைந்துவிடும். சரியாக அந்த 70 நிமிடத்துக்குள் கரண்ட் போனால்? நுனி உடையலாம், ஷாஃப்ட்டில் ஒரு வெட்டுக்காயம் நிற்கலாம். மின்வெட்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் பினிஷிங் வெட்டைத் தொடங்குவது இந்தத் தொழிலில் சகஜம்.

வேலூர் வெயிலும் மைக்ரோமீட்டரும்

இனி அந்த 29 மைக்ரான். பேரிங் உட்காரும் இடத்துக்கு வரைபடத்தில் '200 எம்6' என்று போட்டிருந்தால், விட்டம் 200.017 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 200.046-ஐத் தாண்டக் கூடாது. இடைவெளி 29 மைக்ரான், பாதி முடி கூட இல்லை. ஷாஃப்ட் பேரிங்கின் துளையை விடக் கொஞ்சம் பெரிசாக இருப்பது தப்பில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். பேரிங்கைச் சூடாக்கி, அது விரிந்திருக்கும்போது மாட்டினால், ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். 80 டிகிரி சூடு ஏற்றினால் 200 மி.மீ. துளை சுமார் 0.19 மி.மீ. விரியும், மாட்டுவதற்கு அது போதும். ஷாஃப்ட் சிறுத்துப் போனால் பேரிங்கின் உள்வளையம் வழுக்கிச் சுற்றும், ஷாஃப்ட்டை அரைத்துத் தின்னும். பெருத்துப் போனால் பேரிங்குக்குள் உருளைகளுக்கு இடம் இல்லாமல் சூடேறி இறுகிவிடும்.

எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 11.5 மைக்ரான் விரியும். வெட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் மைக்ரோமீட்டரை விட 10 டிகிரி சூடாக இருந்தால் 200 மி.மீ. விட்டத்தில் 23 மைக்ரான் கூடுதலாகக் காட்டும். இப்போது நடப்பதைப் பாருங்கள். ஆபரேட்டர் சூட்டோடு சூடாக அளக்கிறார், 200.030 வருகிறது. கச்சிதம். இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். காலையில் குளிர்ந்த ஷாஃப்ட்டை அளந்தால் 200.007. கீழ் எல்லைக்கு 10 மைக்ரான் குறைவு. ராத்திரியில் யாரும் தொடவில்லை, ஆனால் ஷாஃப்ட் ரிஜெக்ட்.

சத்துவாச்சாரியின் மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பட்டறையில் இது சும்மா பேச்சு இல்லை. அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு என்பது உலக வழக்கம். வேலூரில் 20 டிகிரி எப்போது வரும் என்பது தனிக்கதை. ஷாஃப்ட், மைக்ரோமீட்டர் இரண்டும் எஃகு என்பதால், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் 38 டிகிரியில் அளந்தாலும் பெரிய பிழை வராது. வித்தியாசம்தான் ஆபத்து. அதனால் மைக்ரோமீட்டரைப் பாக்கெட்டிலோ வெயில் படும் ஜன்னல் ஓரத்திலோ வைக்காமல், ஷாஃப்ட்டின் பக்கத்திலேயே வைத்துவிட்டு இரண்டும் ஆறக் காத்திருப்பார்கள். "சூட்டோட அளக்காதே தம்பி" என்பதுதான் பெரும்பாலும் புதுப் பையனுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். காத்திருக்க வேண்டிய அந்த மூன்று, நான்கு மணி நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

சூடு நீளத்திலும் விளையாடும். 10 டிகிரிக்கு 3 மீட்டர் ஷாஃப்ட் சுமார் 0.35 மி.மீ. நீளும். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் போக இடமில்லாமல் வளையும். அதனால் முரட்டு வெட்டு முடிந்ததும் டெயில் ஸ்டாக்கைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி மெதுவாக அழுத்துவார்கள்.

உயிர் இருக்கும் இடம் மூலையில்

இத்தனை அளவும் சரியாக வந்து, ஷாஃப்ட் கண்ணாடி மாதிரி மின்னினாலும் அது சீக்கிரமே உடையலாம். காரணம், ராங்கைன் சொன்ன அதே மூலை. தடித்த பகுதியிலிருந்து மெலிந்த பகுதிக்கு இறங்கும் படியில், மூலை கூர்மையாக இருந்தால் அங்கே தகைவு சுற்றுவட்டாரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். அதே மூலையைத் தாராளமான வளைவாக விட்டால் ஒன்றரை மடங்கு அளவுக்குக் குறையும். இரும்பும் அதே, விட்டமும் அதே. ஆயுள் மட்டும் எங்கேயோ போய்விடும்.

பழைய லேத்தில் இந்த வளைவுக்கு டூலைக் கையால் சாணை பிடித்து, கண்ணால் பார்த்து இறக்குவார்கள். நல்ல டர்னர் கையில் அது அழகாக வரும், அவசரத்தில் வராது. சிஎன்சியின் உண்மையான லாபம் இந்த இடத்தில்தான். வளைவின் ஆரத்தைச் சொன்னால் போதும், நூறு ஷாஃப்ட்டிலும் அதே வளைவு. ஒரே ஒரு ஷாஃப்ட், நேரான படிகள் மட்டும் என்றால், அனுபவமுள்ள கையில் பெரிய சாதா லேத் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. சிஎன்சி பலகை மாட்டிய பட்டறைக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பது கட்டாயமில்லை.

வளைவைப் பெரிசாக விடவும் முடியாது என்பது வேடிக்கை. பேரிங்கின் ஓரத்தில் உள்ள வளைவை விட ஷாஃப்ட்டின் வளைவு பெரிசாக இருந்தால் பேரிங் தோளில் முட்டி உட்காராது, வளைவின் மேல் ஏறி நிற்கும். வரைபடத்தில் உள்ள அந்த ஒரு சின்ன எண் இரண்டு பக்கமும் இழுபடும் சமரசம்.

கடைசியாக சாவிப் பள்ளம் வெட்டுவதிலும் ஒரு கண்ணி உண்டு. உருட்டியோ அடித்தோ செய்த எஃகுக்குள் இழுவிசைகள் பூட்டிக்கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் பள்ளம் வெட்டும்போது பூட்டு திறக்கும். நேராக இருந்த ஷாஃப்ட் லேசாக வளையும். எனவே முரட்டு வெட்டுக்குப் பிறகு சூடுபடுத்தி அந்த இழுவிசையைத் தணிப்பது, பள்ளத்தை முன்னாலேயே வெட்டிவிட்டு பேரிங் இடத்தைக் கடைசியில் கடைவது என்று வரிசை போடுவார்கள். வரிசை தெரிந்தவரிடம் கொடுத்தால் ஷாஃப்ட் நேராக வரும்.

"வெல்டு வெச்சுக் கொடுத்துடுங்க"

ஷாஃப்ட் தேய்ந்து டிரம் நின்றுவிட்டது. உள்ளே தோல் கிடக்கிறது. சுற்றாத டிரம்மில் தோல் ஒரே இடத்தில் ஊறினால் ரசாயனம் சமமாக ஏறாது, திட்டுத் திட்டாகப் போய்விடும். மொத்த லாட்டும் தரம் இறங்கும். அந்த அவசரத்தில் பட்டறைக்கு வருகிற கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: தேய்ந்த இடத்தில் வெல்டு நிரப்பி, கடைந்து, நாளைக்கே கொடுங்கள்.

செய்ய முடியும். ஆனால் ஷாஃப்ட்டுக்குப் பயன்படும் இஎன்8, இஎன்19 மாதிரி எஃகில் கரிமம் அதிகம். முன்சூடு கொடுக்காமல் வெல்டு வைத்து, சட்டென்று ஆறவிட்டால், வெல்டுக்கு அடியில் உள்ள எஃகு கண்ணாடி மாதிரிக் கடினமாகி நுண்விரிசல் விடும். மேலே கடைந்து பளபளப்பாக்கினால் வெளியே எதுவும் தெரியாது. வருடத்துக்கு 20 லட்சம் தடவை வளையும் இடத்தில், ஏற்கனவே போட்டுவைத்த விரிசலோடு ஷாஃப்ட் திரும்பப் போகிறது. 10 டன்னைத் தாங்கும் அச்சு முறிந்தால் டிரம்மின் பக்கத்தில் நிற்பவர் ஓடவும் நேரம் இருக்காது. முன்சூடு, மெதுவாக ஆறவிடுதல், பிறகு விரிசல் காட்டும் சாயச் சோதனை. இவை மூன்றும் இல்லாத வெல்டு வேலையை, அதுவும் பேரிங் தோளுக்குப் பக்கத்தில், ஒத்துக்கொள்ளவே கூடாது. மறுக்கிற பட்டறையின் மேல் வாடிக்கையாளருக்குக் கோபம் வரும், வரட்டும்.

லேத்துக்கு முன்னால் நிற்பவர்களுக்கும் ஆபத்து குறைவில்லை. சுற்றும் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 174 சுற்றுதானே, மெதுவாகத்தானே தெரிகிறது என்று தோன்றும். விநாடிக்கு மூன்று சுற்று அது. சட்டை நுனியோ கையுறையோ கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறோ மாட்டினால், விநாடிக்கு இரண்டு மீட்டர் உள்ளே இழுக்கும். ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் போகிறவர் இறுக்கமான உடையில்தான் போக வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கையைக் காப்பாற்றத்தான் கையுறை, ஆனால் லேத்தில் கையுறை போட்ட கைதான் போகும். பளபளப்புக்காகச் சுற்றும் ஷாஃப்ட்டில் எமரி காகிதத்தை விரலில் சுற்றிப் பிடிப்பது பல இடங்களில் இன்னும் நடக்கிறது. அது வேண்டவே வேண்டாம். சீவலைக் கையால் இழுப்பதும் அப்படியே, கொக்கி இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தவராக ஒருவர் ஆவதற்கு எவ்வளவு காலம்? ஐடிஐ-யில் டர்னர் படிப்பு இரண்டு வருடம். புரோகிராம் எழுதுவதை அதற்குள் கற்றுக்கொள்ளலாம். ஸ்டெடி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதைக் கைப்பிடியில் உணர்வதும், டூல் கத்தும் சத்தத்தை வைத்தே அதிர்வு வருகிறதென்று ஃபீடைக் குறைப்பதும் அதற்குப் பிறகு லேத் பக்கத்தில் நின்றுதான் வரும்.

ஷாஃப்ட் முடிந்த மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் கடைசி அளவு எடுப்பார்கள். இரண்டு 'வி' கட்டைகளில் படுக்கவைத்து, டயல் முள்ளை மேலே நிறுத்தி, மெதுவாக உருட்டி, நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேரிங் இடத்தை ஓர் இடத்தில் இல்லை, மூன்று இடத்தில், ஒவ்வொன்றையும் திருப்பிவைத்து இரண்டு தடவை அளப்பார்கள். பிறகு துரு பிடிக்காமல் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் சுற்றி, அதன்மேல் சாக்கு. கிரேன் மறுபடி பெல்ட்டோடு வரும். லாரியில் ஏற்றும்போது, சங்கிலி பேரிங் உட்காரும் இடத்தில் படாமல், இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் டர்னர் உள்ளே போவார்.